என் பெயருக்கு வந்த, எனக்கு உரியதல்லாத பரிசோதனை முடிவு: என்ன செய்வது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து நேற்று மாலை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் மதுரைக்காரன். அந்த மருத்துவமனைக்கு நான் போனதில்லை. என் குடும்பத்தில் யாரும் அங்கே சிகிச்சை பெறவும் இல்லை. ஆனால் மின்னஞ்சலின் முதல் வரியில் இருந்த பெயர், இனிஷியல் உட்பட, என் பெயரேதான். வயது 62 என்று இருந்தது; எனக்கு அந்த வயதாக இன்னும் நெடுநாள் இருக்கிறது. பயாப்ஸி முடிவு இணைக்கப்பட்டுள்ளதாகவும், மருத்துவரை மறுபடி பார்க்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு முன்தள்ளப்பட்டுள்ளதாகவும் எழுதியிருந்தார்கள். நோயாளியின் பதிவு எண் முழுமையாக இருக்கிறது, கைபேசி எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரிகின்றன. இணைப்பு பூட்டப்பட்ட பிடிஎஃப். பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே கடவுச்சொல் என்றும் கீழே குறிப்பிட்டிருக்கிறார்கள். நான் அதைத் திறக்கவில்லை. அனுப்பிய முகவரி பதில் எழுத முடியாத வகையைச் சேர்ந்தது.

எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புதன்கிழமை போக வேண்டியவர் வெள்ளிக்கிழமை வரை வீட்டில் இருந்துவிடுவாரோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. யாரிடம், எப்படிச் சொல்வது? மற்றொன்று, என் ஜிமெயில் முகவரியில் இனிஷியலுக்கும் பெயருக்கும் இடையே புள்ளி கிடையாது, வந்த மின்னஞ்சலிலோ புள்ளி இருந்தது. புள்ளி வைத்தது அவருடைய முகவரி, வைக்காதது என்னுடையது என்றாகி, இருவருடைய அஞ்சல்களும் கலந்துபோகின்றனவா?

மடிப்பாக்கம்வாசி எழுதியது:

பொறுமையாக இருங்கள். முதலில் அது உண்மையிலேயே தவறி வந்ததுதானா என்று பார்க்க வேண்டும். தவறி வந்ததுபோல் தோற்றம் காட்டுவதே இப்போது ஒரு மோசடி முறையாகிவிட்டது. யாரோ ஒருவருடைய பிட்காயின் கணக்கின் பயனர் எண்ணும் கடவுச்சொல்லும் தவறுதலாக உங்களுக்கு வந்ததுபோல் ஒரு மின்னஞ்சல் வரும். உள்ளே நுழைந்து பார்த்தால் பெருந்தொகை இருப்பதாகக் காட்டும். அதை எடுக்க முயன்றால், முதலில் நீங்கள் சிறிது பணம் செலுத்த வேண்டும் என்று கேட்கும். அந்தத் தளமே போலி. வாட்ஸாப்பில் வேறு பெயரைச் சொல்லி நலம் விசாரித்து, நீங்கள் "தவறான எண்" என்று பதில் எழுதியதும் மன்னிப்புக் கேட்டு நட்பாகி, மாதக்கணக்கில் பேசிக் கடைசியில் முதலீட்டில் இழுத்துவிடுவதும் இதே வழிதான். பிறர் பொருள் மீது நமக்கு வரும் ஆவலையும், தவறைத் திருத்தி உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தையும்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள்.

ஆகவே அந்த மின்னஞ்சலில் உள்ள எந்த இணைப்பையும் அழுத்தாதீர்கள். அதில் தொலைபேசி எண் இருந்தாலும் அதை அழைக்காதீர்கள். மருத்துவமனையின் எண்ணை நீங்களாகவே தேடி எடுங்கள்.

நொய்யல் எழுதியது:

மின்னஞ்சல் வழங்கிகளை, அதாவது சர்வர்களை, பராமரிப்பது என் தொழில் என்பதால், புள்ளி பற்றிய கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். ஜிமெயில் டாட் காம் என்று முடியும் தனிநபர் முகவரிகளில் புள்ளிக்கு எந்த மதிப்பும் இல்லை. நீங்கள் புள்ளி இல்லாமல் பதிந்திருந்தால், புள்ளியை எங்கே வைத்தாலும், எத்தனை வைத்தாலும், அத்தனை வடிவங்களும் உங்கள் ஒருவருக்கே சொந்தம். புள்ளி வைத்த வடிவத்தில் வேறு யாருக்கும் கணக்குக் கொடுக்கவே மாட்டார்கள். எனவே உங்கள் அஞ்சல் எதுவும் அவரிடம் போகவில்லை. நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் கூகுளிடம் வாங்கி வைத்திருக்கும் முகவரிகளில் மட்டும் புள்ளிக்கு மதிப்பு உண்டு. வேறு சில சேவைகளிலும் புள்ளி வைத்ததும் வைக்காததும் வெவ்வேறு முகவரிகள்தாம். இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாததால்தான், இரண்டு கணக்குகள் கலந்துவிட்டன என்ற அச்சம் அடிக்கடி எழுகிறது.

நடந்திருக்கக்கூடியது இதுதான். ஜிமெயில் 2004 ஏப்ரலில், அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 2007-இல்தான் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் சேர்ந்தவர்களுக்கு எண்கள் ஏதும் ஒட்டாத, வெறும் இனிஷியலும் பெயரும் மட்டும் கொண்ட முகவரி கிடைத்தது. உங்களுடையதும் அத்தகையதாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் அதே பெயருக்குப் பின்னே பிறந்த ஆண்டையோ வேறு எண்ணையோ சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர்கள் முகவரியைச் சொல்லும்போது எண் விடுபட்டாலோ, எழுதிக்கொள்பவர் காதில் அது விழாமல் போனாலோ, அந்த அஞ்சல் நேராக உங்களிடம் வந்து சேரும். நம்மவர் பெயர் வழக்கமும் இதற்குத் துணைபோகிறது. குடும்பப் பெயர் இல்லாமல் தந்தையின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொள்ளும் நாட்டில், எஸ்.குமார்களும் ஆர்.முருகன்களும் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓய்வு அஞ்சலர் எழுதியது:

அஞ்சல் துறையில் பட்டுவாடா பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒரே தெருவில் ஒரே பெயருடைய இருவர் இருப்பது எங்களுக்கு அன்றாடம். தந்தை பெயர், கதவு எண், எந்த ஊரிலிருந்து கடிதம் வருகிறது என்பதெல்லாம் பார்த்து, அந்தக் கடிதம் யாருக்கு வரக்கூடியது என்று தெரிந்துதான் கொடுப்போம். ஊர்ப் பெயர்களே ஒன்றுபோல் இருக்கும் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் ஆறு இலக்க பின்கோடு வந்தது. மேல்விலாசத்தில் உள்ளவர் இல்லையென்றால், காரணத்தை உறைமேல் எழுதி அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம். அனுப்பியவர் முகவரியும் இல்லாவிட்டால் ஆர்.எல்.ஓ. என்ற தனி அலுவலகத்துக்குப் போகும்; அங்கே அதற்கென்று அதிகாரம் பெற்றவர் மட்டுமே உறையைப் பிரிக்கலாம்.

மின்னஞ்சலில் இப்படி நடுவில் நின்று பார்க்கிறவர் யாரும் இல்லையா? பெயரும் வயதும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்ப வழியே கிடையாதா?

நொய்யல் எழுதியது:

கிடையாது, ஐயா. மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. பலமுறை திருத்தப்பட்டிருந்தாலும் அதன் அடிப்படை மாறவில்லை. அனுப்பும் வழங்கி, இந்தப் பெயரில் பெட்டி இருக்கிறதா என்று கேட்கும்; பெறும் வழங்கி இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லும். பெட்டி இல்லாவிட்டால் மட்டுமே அஞ்சல் திரும்பும். தவறான முகவரியில் ஓர் ஆள் இருந்துவிட்டால், அனுப்பியவருக்கு அது வெற்றிகரமாகச் சேர்ந்துவிட்டதாகவே பதிவாகும். அந்த மருத்துவமனையின் கணினியில் இந்நேரம் 'நோயாளிக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று இருக்கக்கூடும்; எனக்குக் கவலை தருவது அதுதான். நீங்கள் சொல்லாவிட்டால் தவறு நடந்தது அவர்களுக்குத் தெரியவே வழியில்லை.

கரிசல் எழுதியது:

மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். அழித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள் என்பேன். முகவரியைச் சரிபார்க்க வேண்டியது மருத்துவமனையின் கடமை, உங்களுடையது அன்று. நீங்கள் அழைத்தால், அந்த நோயாளியைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விதான் முதலில் வரும். இன்னொருவர் மருத்துவ விவரம் கையில் இருப்பதே சட்டச் சிக்கல் ஆகலாம். அத்தனை பெரிய நோய் என்றால் அவர்களே தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருப்பார்கள்.

பொன்னி எழுதியது:

நான் ஒரு மருத்துவமனையின் பதிவுக் கவுண்டரில் பணிபுரிகிறேன். வைகைக்கரை ஐயா பேசுவது எந்த மருத்துவமனையைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. ஆனால் கவுண்டரில் நடப்பதை அருகிலிருந்து பார்ப்பவள் என்பதால் எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. சீட்டுக்கு வரிசை வாசல் வரை நிற்கும். பெரியவர் ஒருவர் வருவார். மின்னஞ்சல் என்று கேட்டால் தமக்கு அது தெரியாது என்று மகனைத் தொலைபேசியில் பிடிப்பார். மகன் எங்கேயோ பேருந்தில் இருந்துகொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்வார். எம் என்பது என் என்று கேட்கும், பி என்பது டி என்று கேட்கும். வரிசையில் பின்னால் நிற்பவர் நேரமாகிறது என்பார். கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பி, அதைத் திரும்பச் சொன்ன பிறகுதான் அடுத்த கட்டத்துக்குக் கணினி விடும். மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு சோதனை பெரும்பாலும் வைப்பதில்லை. தட்டச்சு செய்தது அப்படியே பதிவாகிவிடும். ஒருமுறை பதிவானால், அதன் பிறகு ரசீது, ஆய்வு முடிவு, மருந்துக் குறிப்பு எல்லாம் அந்த முகவரிக்கே தானாகப் போய்க்கொண்டிருக்கும்.

கரிசல் ஐயாவுக்கு: மோசமான முடிவு என்றால் மருத்துவருக்குத் தொலைபேசியில் தகவல் போவது பல இடங்களில் வழக்கம்தான். ஆனால் நாள் மாற்றம் பற்றிய அறிவிப்பு தானியங்கியாக மட்டுமே போயிருக்க வாய்ப்புண்டு. அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

எப்படிச் சொல்வது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அந்த நோயாளியை முகநூலிலோ வேறெங்கோ தேடிப் பிடித்து நேரடியாகச் சொல்லிவிடாதீர்கள். பயாப்ஸி என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்காமல், சாதாரணக் கட்டி, சிறிய சோதனை என்று சொல்லி அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து அந்தப் பெரியவர் அதைக் கேட்கும் நிலை வரக் கூடாது. மருத்துவமனையின் பொது எண்ணை அழைத்து, எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவ ஆவணப் பிரிவுக்கு இணைப்புக் கேளுங்கள். தொலைபேசியை முதலில் எடுப்பவரிடம் பெயரையோ சோதனையையோ சொல்ல வேண்டாம். ஆவணப் பிரிவில் பதிவு எண்ணை மட்டும் சொல்லி, இந்த எண்ணுக்குரிய அஞ்சல் வேறொருவருக்கு வந்துகொண்டிருக்கிறது, நாள் மாற்றத்தை நோயாளிக்குத் தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பதிவேட்டில் கைபேசி எண் முழுமையாக இருக்கும்.

நீதிமன்றச் சாலை எழுதியது:

வழக்குரைஞன் என்ற முறையில் சட்ட அச்சத்தைப் போக்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் வந்து விழுந்த மின்னஞ்சலைப் பெற்றது குற்றமாகாது. அதைப் பயன்படுத்தி மேலே ஓர் அடி எடுத்து வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த நோயாளியின் பெயரில் உள்ள இணையக் கணக்கில், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற வசதியைப் பயன்படுத்தி, உங்கள் பெட்டிக்கு வரும் இணைப்பின் வழியே உள்ளே நுழைந்து முகவரியை மாற்றிவிடலாம் என்று சிலர் நல்லெண்ணத்தோடு யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு அனுமதியற்ற அணுகலைப் பற்றியது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. பிறர் கடவுச்சொல்லை அவ்வாறு பயன்படுத்துவதற்கு 66சி பிரிவு தனியே இருக்கிறது. உங்கள் நோக்கம் தூயது என்பதைப் பிறகு மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு ஏன் போக வேண்டும்?

பொறுப்பு அனுப்பியவர் பக்கம்தான் கனமாக இருக்கிறது. 2011-இல் வந்த விதிகள் மருத்துவப் பதிவுகளை உணர்திறன் மிக்க தனிப்பட்ட தரவு என்று வகைப்படுத்தி, அவற்றைக் கையாளும் நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து அவருடைய விவரத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன. ஒரு மாதத்துக்குள் அவர் குறையைத் தீர்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தற்செயலாக வெளியே போனதையும் தரவு மீறல் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. கவனக்குறைவு என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

வைகைக்கரை எழுதியது:

பொன்னி அம்மா சொன்னபடியே இன்று காலை அழைத்தேன். பொது எண்ணில் பேசியவர் முதலில் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார், அங்கிருந்து ஆவணப் பிரிவுக்கு இணைப்புக் கிடைத்தது. பதிவு எண்ணைச் சொன்னதும் அங்கிருந்த பெண்மணி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்த எண்ணுக்குரிய கைபேசிக்குத் தாமே அழைத்துச் சொல்வதாகக் கூறினார். பிற்பகலில் அவரே திரும்ப அழைத்து, குடும்பத்தாரிடம் பேசிவிட்டதாகவும் புதன்கிழமை அவர்கள் வருகிறார்கள் என்றும் தெரிவித்தார். அதற்கு மேல் எதையும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

கரிசல் எழுதியது:

நல்லது நடந்தது. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. பிடிஎஃப் பூட்டியிருக்கும்போது, தவறான ஆளிடம் போனாலும் பாதுகாப்பாகத்தானே இருக்கிறது?

நொய்யல் எழுதியது:

இல்லை என்பதே என் திடமான கருத்து. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பூட்டு வழிப்போக்கனைத் தடுக்கும், ஒரே பெயருடையவரைத் தடுக்காது. ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல் எப்படி அமைகிறது என்று பாருங்கள்: பெயரின் முதல் நான்கு எழுத்துகள், அதன்பின் பிறந்த ஆண்டு. இனிஷியல் முன்னால் இருந்தால் அதுவும் புள்ளியுமே அந்த நான்கில் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், ஆய்வகங்கள் பலவும் இதை ஒட்டிய முறையையே வைத்திருக்கின்றன. மின்னஞ்சல் பெரும்பாலும் யாரிடம் தவறிப் போகிறது? அதே பெயரும் அதே இனிஷியலும் கொண்டவரிடம். அவருக்கு முதல் நான்கு எழுத்துகள் தம்முடையவைதாம். மிஞ்சுவது பிறந்த ஆண்டு. அதையும் மின்னஞ்சலின் உடலில் வயதாக எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வைகைக்கரை ஐயாவின் முன்னால் இருந்த பூட்டுக்கு இரண்டு ஆண்டுகளைப் போட்டுப் பார்த்தாலே போதும். அவர் தொடாமல் விட்டது அவருடைய பண்பு. ஒரு மருத்துவமனையின் பாதுகாப்பு ஏற்பாடு, முகம் தெரியாத ஒருவருடைய பண்பை நம்பி நிற்கக் கூடாது.

முகவரியைப் பதிந்தவுடன் ஓர் உறுதிப்படுத்தும் அஞ்சல் அனுப்பி, அதற்கு மறுமொழி வரும்வரை எந்த ஆவணத்தையும் அனுப்பாமல் இருந்தால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்கான தொழில்நுட்பம் புதிதும் அன்று, செலவு மிக்கதும் அன்று. கைபேசி எண்ணுக்கு ஒவ்வொரு கடையிலும் ஓடிபி கேட்கும் நாட்டில், மின்னஞ்சலை மட்டும் ஏன் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

பென்னாகரம் எழுதியது:

பெரிய அமைப்புகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அமெரிக்கப் படைத்துறையின் முகவரிகள் எம்.ஐ.எல். என்ற மூன்று எழுத்துகளில் முடியும். நடுவில் ஐ விடுபட்டால் அது ஆப்பிரிக்காவிலுள்ள மாலி நாட்டின் இணையக் குறியீடாகிவிடுகிறது. 2013 முதல் அந்தக் குறியீட்டை நிர்வகித்து வந்த நெதர்லாந்துக்காரர் ஜோஹன்னஸ் ஸுர்பியர், இப்படித் தவறி வரும் அஞ்சல்களைப் பற்றி அமெரிக்க அதிகாரிகளுக்குப் பலமுறை தெரிவித்திருக்கிறார். 2023 ஜனவரியிலிருந்து ஜூலைக்குள் அவர் சேகரித்தவை மட்டும் ஏறத்தாழ 1,17,000. அவற்றில் மருத்துவ விவரங்கள், அடையாள ஆவணங்கள், கப்பல் பணியாளர் பட்டியல்கள், தரைப்படைத் தலைமைத் தளபதியின் இந்தோனேசியப் பயணத் திட்டம்கூட இருந்தன. குறியீட்டின் நிர்வாகம் மாலி அரசிடம் திரும்பவிருந்த வேளையில் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது.

2014-இல் கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்காகப் பணிபுரிந்த ஒருவர், வங்கியின் உள்முகவரிக்கு அனுப்ப வேண்டிய வாடிக்கையாளர் விவரங்களை, அதே பெயரில் ஜிமெயிலில் இருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பிவிட்டார். வங்கி அவருக்கு எழுதிப் பார்த்தது, பதில் இல்லை. கடைசியில் நியூயார்க் நீதிமன்றத்தை நாடியது. கூகுள் அந்த அஞ்சலைத் திறக்க முடியாதபடி தடுத்து, அது அதுவரை திறக்கப்படவே இல்லை என்றும் தெரிவித்தது. பெற்றவர் ஒரு வரி பதில் எழுதியிருந்தால் நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அந்த அஞ்சலைப் பார்க்காமலே இருந்திருக்கவும் கூடும்.

மடிப்பாக்கம்வாசி எழுதியது:

இன்னொரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். நம் முகவரியில் புள்ளியை இடம் மாற்றி, வேறொருவர் ஏதேனும் சந்தாக் கணக்கைத் தொடங்கியிருந்தால், பணம் செலுத்தச் சொல்லும் உண்மையான நினைவூட்டலே நமக்கு வரும். அனுப்பியவர் உண்மையான நிறுவனம் என்பதால் ஐயமும் வராது. நம் கணக்குதான் என்று கார்டு எண்ணைப் பதித்தால் அவருடைய சந்தாவுக்கு நாம் பணம் கட்டுவோம். இந்த வழியைப் பற்றி 2018-இலேயே பரவலாக எழுதப்பட்டது. பெறுநர் வரியில் முகவரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

வைகைக்கரை எழுதியது:

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடலாமா, எழுத்திலும் தெரிவிக்க வேண்டுமா? அந்த மின்னஞ்சலை இப்போது அழித்துவிடலாமா?

நீதிமன்றச் சாலை எழுதியது:

எழுத்தில் அவசியம் தெரிவியுங்கள். தொலைபேசியில் பேசிய பெண்மணி நல்லவர்; ஆனால் அவர் விடுப்பில் போனால் அடுத்த ஆய்வு முடிவு மறுபடி உங்களிடமே வரும். அந்த மின்னஞ்சலை முன்னனுப்ப வேண்டாம், இணைப்பையும் சேர்க்க வேண்டாம். குறைதீர் அலுவலரின் மறுமொழி வந்ததும் அஞ்சலை அழித்து, குப்பைப் பெட்டியிலிருந்தும் நீக்குங்கள். ஜிமெயிலில் அது அங்கே 30 நாள் கிடக்கும். வந்த தேதி, பதிவு எண், நீங்கள் பேசிய நாள் ஆகிய மூன்றை மட்டும் தனியே குறித்து வைத்தால் போதுமானது. வாசகம் இப்படி இருக்கலாம்:

"ஐயா / அம்மையீர், தங்கள் மருத்துவமனையிலிருந்து, கீழ்க்காணும் பதிவு எண்ணுக்குரிய நோயாளியின் அஞ்சல் எனது முகவரிக்கு வந்துள்ளது. அந்த நோயாளி நான் அல்லேன்; அவரை எனக்குத் தெரியாது. இணைப்பை நான் திறக்கவில்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை. இதைத் தங்கள் ஆவணப் பிரிவுக்கு ஏற்கெனவே தொலைபேசியில் தெரிவித்துள்ளேன். எனது முகவரியை அந்தப் பதிவிலிருந்தும், அதே நோயாளியின் ஆய்வகம், மருந்தகம், காப்பீடு ஆகிய பிற பதிவுகளிலிருந்தும் நீக்கி, நீக்கியதை எழுத்துமூலம் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உறுதி கிடைத்ததும் என்னிடமுள்ள படியை அழித்துவிடுவேன்."

பொன்னி எழுதியது:

அந்த வாசகத்தில் ஆய்வகத்தையும் மருந்தகத்தையும் தனித்தனியாகக் குறிப்பிட்டது மிகவும் சரி. பல இடங்களில் அவற்றின் மென்பொருள்கள் வேறு வேறு. பதிவுக் கவுண்டரில் திருத்தினாலும் ஆய்வகத்தில் பழைய முகவரியே நிற்கும். ஸ்கேன் பிரிவு என்பதையும் சேர்த்துவிடுங்கள், ஐயா.